பொட்டு வைத்த காந்தங்கள்

கல்யாணமாகி எட்டு மாதம் வரைக்கும் என் வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. இதைக் கேட்பவர்கள் கொடுத்து வைத்தவள் என்பார்கள். எட்டு மாதம் ஒரு மனிதரோடு குடித்தனம் நடத்தி, 'சாப்டீங்களா', 'சரீங்க', 'பரவாயில்லீங்க' என்ற மூன்றைத் தவிர அவர் வாயிலிருந்து வேறெதுவும் வராமல் இருந்து பார்த்தால்தான் அந்தக் கொடுப்பினை எப்படிப்பட்டது என்று தெரியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அவர் பம்பு கம்பெனியில் டிராயிங் போடுகிறவர். நான் கிணத்துக்கடவுக்காரி, பொள்ளாச்சியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். இந்த இயற்பியலை நானாகச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் நடந்ததை அவர் யாரிடம் சொன்னாலும் "பி.எஸ்சி. பிசிக்ஸுங்க" என்றுதான் ஆரம்பிக்கிறார். அதனால் நானே முந்திக்கொள்கிறேன்.

எங்கள் பக்கத்தில் மரியாதைக்குப் பஞ்சமில்லை. மாட்டை ஓட்டும்போதுகூடக் கொஞ்சம் மரியாதையாகத்தான் ஓட்டுவோம். இருந்தாலும் கட்டின பெண்டாட்டியை 'நீ' என்பார்கள். என்னவர் என்னை 'நீங்க' என்றார். நான் அவரை 'ஏனுங்க' என்று கூப்பிட, அவரும் என்னை 'ஏனுங்க' என்று கூப்பிடுவார். கீழ் வீட்டம்மா படிக்கட்டில் நின்று 'ஏனுங்க' என்றால் நாங்கள் இரண்டு பேரும் ஓடிப்போய் நிற்போம்.

வீட்டுக்கு வரும் விருந்தாளியை நாங்கள் ஒறம்பரை என்போம். ஒறம்பரைக்கு முதல் தோசை கிடைக்கும், நல்ல டம்ளர் கிடைக்கும். அவர்கள் காபியைக் கொட்டினாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். எட்டு மாதம் நான் என் வீட்டிலேயே ஒறம்பரையாக இருந்தேன்.

சரி, சுபாவமே பேசாத மனிதர் என்றால் விட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் அதே மனிதர் நாலு மணி நேரம் விடாமல் பேசுவார். அதுவும் என்னிடமில்லை.

இரண்டு சிநேகிதர்கள் வருவார்கள். ஒருவர் அடுத்த தெருவில் கிளினிக் வைத்திருந்த பல் டாக்டர். இன்னொருவர் கருமத்தம்பட்டியில் விசைத்தறி போட்டிருந்தவர். அவரைத் தறிக்காரர் என்றே சொல்கிறேன். டாக்டரின் மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு தடிப் புத்தகமும் இருபது முகமுள்ள பகடை ஒன்றும்தான் இவர்களைச் சேர்த்து வைத்தவை. அந்தப் புத்தகத்தின் ஜெராக்ஸ் எங்கள் பீரோவில் என் பட்டுப்புடவைகளுக்கு மேலே இருந்தது. கீழே இல்லை, மேலே.

ஆட்டம் இப்படித்தான். ஒருவர் கதை சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அது என்னவர். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் போவார்கள். "நீங்க ஒரு குகைக்கு முன்னாடி நிக்கறீங்க, என்ன பண்றீங்க?" என்று கதைக்காரர் கேட்பார். உள்ளே போகிறேன் என்றோ ஓடுகிறேன் என்றோ இவர்கள் சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். வாயை விட்டு வார்த்தை வந்துவிட்டால் மாற்றக் கூடாது, சொன்னால் சொன்னதுதான். அது ஒன்றுதான் அவர்கள் கண்டிப்பாக வைத்திருந்த சட்டம்.

சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பேன். ராஜாவாக, கிழவியாக, பூதமாக அவர் குரல் மாறி மாறி வரும். பூதம் பேசுவதுதான் வேடிக்கை.

"ஏனுங்க, இந்த வழியாப் போகக் கூடாதுங்க. போனீங்கன்னா வெட்டிப்போடுவோமுங்க."

"அப்படிங்களா? வேற வழி இருக்குதுங்களா?" என்பார் தறிக்காரர்.

"இல்லீங்களே."

"அப்ப வெட்டுங்க, பாத்துக்கலாம்."

தலையைச் சீவ வந்த பூதம்கூட எங்கள் வீட்டில் 'ங்க' போட்டுத்தான் சீவியது. நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பேன். சிரித்து முடித்ததும் எரிச்சல் வரும். அந்த நாலு மணி நேரப் பேச்சில் ஒரு கால் மணி நேரம் எனக்கென்று வந்தால் என்ன குறைந்துவிடும்? பூதமாகவே இருந்தாலும் பரவாயில்லை, என் முகத்தைப் பார்த்து ஏதாவது பேசினால் போதும் என்று இருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? 'என் வீட்டுக்காரர் ரொம்ப மரியாதையாக நடத்துகிறார், வந்து கேளுங்கள்' என்று அம்மாவுக்குக் கடுதாசி எழுத முடியுமா?

இந்த ஆட்டத்துக்கு நிலம் வேண்டும். காட்டில் நடக்கிறோம், குகையில் நடக்கிறோம் என்றால் அந்தக் காட்டையும் குகையையும் மேஜைமேல் காட்ட வேண்டும். அதற்காக உள்ளங்கை அகலத்தில் சதுர சதுரமாகத் துண்டுகள் செய்திருந்தார்கள். கம்பெனியில் அச்சு செய்கிற இடத்தில் கழித்துப் போடும் மரத்தில் அடிப்பெட்டி. அதன் மேல் பல் டாக்டர் பல்லுக்கு அச்செடுக்கிற மாவைக் கரைத்து ஊற்றிச் செய்த கல் தரை. ஒரு துண்டில் பாதை, ஒன்றில் ஆறு, ஒன்றில் சுவர். எப்படி வேண்டுமானாலும் மாற்றி மாற்றி அடுக்கலாம். பூதங்களையும் டாக்டரே செய்தார். அவற்றின் பற்கள் எல்லாம் நிஜம். அதாவது நிஜமான பொய்ப்பற்கள்.

அந்தத் துண்டுகளை அவர்கள் 'சைட்டு' என்றார்கள். அப்போது ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தோட்டத்தில் கல் நட்டு வீட்டுமனை பிரித்துக்கொண்டிருந்த காலம். வேறு வார்த்தை வாயில் எப்படி வரும்? "வடக்கால ரெண்டு சைட்டு போடுங்க", "அந்த கார்னர் சைட்டுல ஒரு குழி இருக்குதுங்க" என்று மாடியிலிருந்து சத்தம் கேட்கும். கீழ் வீட்டம்மா இவரை மனை வியாபாரி என்றே முடிவு கட்டிவிட்டார். ஒரு நாள் இவரைப் படியில் மடக்கி, "சைட்டுல தண்ணி வசதி இருக்குதுங்களா தம்பி?" என்று கேட்டார். முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் என்ன செய்வார்? ஆறு வரைந்த சைட்டை நினைத்துக்கொண்டு "இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு மேலே வந்தார். அதற்கப்புறம் அந்தம்மா பத்திரம் பற்றிக் கேட்க ஆரம்பித்ததை இங்கே எழுதினால் விடிந்துவிடும்.

சைட்டுகளில் ஒரு கஷ்டம் இருந்தது. ஒன்றோடொன்று நிற்காது. தறிக்காரர் கை ஓங்கிப் பேசுகிறவர். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்தவர், வேறெப்படிப் பேசுவார்? அவர் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் குகை ஒரு பக்கம், காடு ஒரு பக்கமாகப் போகும். பூதம் ஆற்றில் விழும். அதனால் சைட்டுகளின் பக்கவாட்டில் காந்தம் பதிப்பது என்று முடிவானது. உக்கடம் பழைய மார்க்கெட்டில் ரேடியோ சாமான் விற்கும் பாய் ஒருவரிடமிருந்து சட்டைப் பட்டன் அளவில் கருப்புக் காந்தங்கள் ஒரு பை நிறைய வந்தன. 'எந்தக் கோயில் யந்திரத்துக்கு இவ்வளவு காந்தம்' என்று பாய் கேட்டாராம். இவர் "சும்மாங்க" என்றாராம்.

ஒரு சாயங்காலம் இவர் தயங்கித் தயங்கி நான் தலை வாரும் இடத்துக்கு வந்தார்.

"ஏனுங்க, உங்க சாந்து கொஞ்சம் எடுத்துக்கட்டுங்களா?"

கண்ணாடிக்கு முன்னால் இருந்த சிவப்புச் சாந்துக் குப்பியைத்தான் கேட்டார். இத்தனை மாதத்தில் என் சாமான் ஒன்றை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பொட்டு வைத்துவிடப் போகிறார் என்று நினைத்து, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நெற்றியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனிதர் குப்பியை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போய், திசைகாட்டியை வைத்துப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு காந்தத்துக்கும் வடதுருவப் பக்கத்தில் பொட்டு வைக்க ஆரம்பித்தார். குப்பி காலியாகும் வரை வைத்தார்.

மறுநாள் கம்பெனியில் இவரை ஒரு வாரம் வெளியூர் அனுப்பினார்கள், எங்கேயோ பம்பு இறக்குகிற வேலைக்கு. நாற்பத்தெட்டுச் சைட்டுகளுக்கும் ஓட்டை போட்டு வைத்திருந்தார். பக்கத்துக்கு இரண்டு ஓட்டை, ஆக ஒரு சைட்டுக்கு எட்டு. காந்தத்தை வைத்து ஒட்டுவதுதான் பாக்கி. எனக்கு ஒரு யோசனை வந்தது. இதை நான் முடித்து வைத்தால், திரும்பி வந்து பார்த்ததும் இரண்டு வார்த்தை சந்தோஷமாகப் பேசுவார் இல்லையா? அப்படியே மேஜையில் ஓரமாக எனக்கும் ஒரு நாற்காலி கிடைக்கும் இல்லையா?

பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவரிடம் கேட்டேன்.

"நான் ஒட்டி வெக்கட்டுங்களா?"

அவருக்கு முகமெல்லாம் தவிப்பு. வேண்டாம் என்று சொன்னால் என் மனம் நோகும். விளக்கிச் சொன்னால் எனக்குத் தெரியாது என்று நினைத்த மாதிரி ஆகிவிடும். பஸ்ஸுக்கும் நேரமாகிறது. மூன்றையும் யோசித்துவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்.

"பொட்டு பாத்து வைங்க, போதுமுங்க. வாரேனுங்க."

பொட்டு பார்த்து வைக்க வேண்டும். இதில் என்ன சந்தேகம்? பொட்டு வெளியே பார்த்து இருக்க வேண்டும். பொட்டு என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியத்தான் வைக்கிறது. யாராவது முகத்தைச் சுவருக்குத் திருப்பிப் பொட்டு வைத்துக்கொள்வார்களா? அந்த வாரம் முழுக்கச் சமையல் முடிந்த கையோடு உட்கார்ந்து, இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து, ஒவ்வொரு காந்தமாகப் பொட்டு வெளியே பார்க்கப் பதித்தேன். விரலெல்லாம் பசை. ஒட்டிய ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தள்ளித் தள்ளித் தாளில் காய வைத்தேன். இருபத்து நாலு முடிந்ததும் பசை தீர்ந்துவிட்டது. பாதி முடித்துவிட்டேனே, வரிசையாக எட்டுப் பொட்டோடு என்ன லட்சணமாக இருக்கிறது என்று நானே மெச்சிக்கொண்டேன்.

காந்தப் பாடத்தில் நான் தொண்ணூற்றுச் சொச்சம் மார்க். ஒத்த துருவங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதியவள். அந்தப் பாடத்தில் சாந்து வைத்த காந்தம் வரவில்லை, நான் என்ன செய்ய?

சனிக்கிழமை வந்தவர் களைப்பில் படுத்துவிட்டார். ஞாயிறு மத்தியானம் சிநேகிதர்கள் வந்தார்கள். நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு, காபி கொடுக்கிற சாக்கில் கதவோரம் நின்றேன். டாக்டர் ஒரு சைட்டை வைத்தார். தறிக்காரர் பக்கத்தில் இன்னொன்றை வைத்தார். முதல் சைட்டு நகர்ந்து போனது.

"அட, ஓடுதுங்க," என்றார் தறிக்காரர்.

திருப்பி வைத்துப் பார்த்தார்கள். திரும்பவும் ஓடியது. வேறு பக்கமாக வைத்தால் அங்கேயும் ஓடியது. மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் அழுத்த, அது துள்ளிக்கொண்டு போய் டாக்டர் மடியில் விழுந்தது. முன்பாவது தட்டினால்தான் போகும். இப்போது கிட்டே வந்தாலே போயிற்று.

என்னவர் ஒரு சைட்டைக் கையில் எடுத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். எட்டுப் பொட்டும் அவரைப் பார்த்தன. அவர் போட்டிருந்த கணக்கு வேறு. ஒவ்வொரு பக்கத்திலும் இடது காந்தத்துக்குப் பொட்டு வெளியே, வலது காந்தத்துக்குப் பொட்டு உள்ளே. அப்படி வைத்தால் எந்தச் சைட்டும் எந்தச் சைட்டோடும் ஒட்டும். 'பொட்டு பாத்து' என்றால் பொட்டைக் கவனித்து என்று அர்த்தம். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பரவாயில்லீங்க," என்றார்.

டாக்டரும் சொன்னார். "பரவாயில்லீங்க. காந்தம் நல்ல சக்தியாத்தான் இருக்குதுங்க."

தறிக்காரரும் விடவில்லை. "அதனால என்னங்க, நடுவுல இடம் விட்டு வெச்சுக்கலாமுங்க. வாய்க்கால்னு வெச்சுக்கலாமுங்க."

மூன்று ஆண்பிள்ளைகளும் அன்று மத்தியானம் முழுக்க, சைட்டுக்குச் சைட்டு இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு, அடிக்கு ஒரு வாய்க்காலைத் தாண்டித் தாண்டி விளையாடினார்கள். குகைக்குள் வாய்க்கால், அரண்மனைக்குள் வாய்க்கால். ஒருவர் முகத்திலும் ஒரு சுளிப்பு இல்லை. நான் சமையலறையில் தேங்காயை உடைத்தேன். ஒன்று போதும், மூன்று உடைத்தேன்.

அவர்கள் படியிறங்கிப் போனதும் போய் அவர் முன்னால் நின்றேன்.

"திட்டுங்க."

"என்னங்க?"

"ஒரு வாரம் ஒக்காந்து அத்தனையும் கெடுத்து வெச்சிருக்கறேன். வாயத் தொறந்து ஒரு வார்த்தை திட்டுங்க."

"எதுக்குங்க திட்டறது? நாந்தானுங்க சரியாச் சொல்லல."

"உங்க தங்கச்சி இப்படிச் செஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "மண்டையில ஒண்ணு வெச்சிருப்பேனுங்க," என்றார்.

"எனக்கு மட்டும் ஏனுங்க பரவாயில்லை? நான் என்ன இந்த ஊட்டுக்கு ஒறம்பரையா வந்திருக்கறனா?"

அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் நல்ல டம்ளரில் கொடுத்தார். என்ன செய்வது இந்த மனிதரை?

மறுநாள் அவர் ஒரு காந்தத்தை உளியால் நெம்பிப் பார்த்தார். பசை விடவில்லை, காந்தம் மூன்றாக உடைந்தது. அவர் வேலைக்குப் போனதும் நான் அந்தச் சைட்டுகளைத் தரையில் பரப்பி முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒட்டிய இருபத்து நாலு, ஒட்டாத இருபத்து நாலு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. படித்த படிப்பு பத்து நாள் தாமதமாக வந்து சேர்ந்தது.

அவர் செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னேன். "மிச்சம் இருக்கறதுல அத்தனைக்கும் பொட்டை உள்ள வெச்சு ஒட்டிப்போடலாமுங்க. பொட்டுத் தெரியறது பொண்ணூட்டு சைட்டு. தெரியாதது மாப்பிள்ளையூட்டு சைட்டு. பொண்ணூடும் பொண்ணூடும் ஒட்டாது. பொண்ணூடும் மாப்பிள்ளையூடும் ஒட்டும். சதுரங்கக் கட்டத்துல கருப்பும் வெள்ளையும் மாத்தி மாத்தி வராப்பல அடுக்கினா எல்லாம் சேந்துக்கும்."

அவர் வாசலிலேயே நின்றார். அப்புறம் உள்ளே வந்து பென்சிலை எடுத்துக் கட்டம் போட்டார். மூலையில் ஆரம்பித்துப் பார்த்தார், நடுவில் ஆரம்பித்துப் பார்த்தார். எங்கே ஆரம்பித்தாலும் சரியாக வந்தது. பாதையில் பாதி பெண் வீடாகவும் பாதி மாப்பிள்ளை வீடாகவும் இருக்க வேண்டும், ஆற்றிலும் அப்படியே, சுவரிலும் அப்படியே என்று அவர் பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். அடுப்பில் பால் பொங்கி வழிந்து அணைந்தது. நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் சொன்னார்.

"நீங்களும் ஆட்டத்துக்கு வாங்க. இவ்வளவு தெரிஞ்சவங்க அடுப்படியில நின்னா நல்லா இல்லீங்க."

நாற்காலி கிடைத்துவிட்டது. 'ங்க' மட்டும் போகவில்லை.

மிச்சச் சைட்டுகளை இரண்டு பேரும் சேர்ந்து ஒட்டினோம். மூன்று வாரம் ஆனது. அதற்கிடையில் அவர் ஏதோ ஒரு சைட்டைத் தனியாகச் செய்துகொண்டிருந்தார். நான் கிட்டே போனால் துண்டைப் போட்டு மூடிவிடுவார். அடுத்து ஆடப்போகிற கதையின் ரகசியமே அதில்தான் இருக்கிறது என்றும், சிநேகிதர்களுக்கும் காட்டவில்லை என்றும் சொன்னார். கதைக்காரர் ரகசியத்தை விட்டுவிட்டால் அப்புறம் ஆட்டமே இல்லை என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டார்.

எல்லாம் ஒட்டி முடித்த ஞாயிறு நாலு பேராக உட்கார்ந்தோம். சைட்டுகள் ஒவ்வொன்றும் கிளுக், கிளுக்கென்று ஒட்டிக்கொண்டன. தறிக்காரர் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "இது பொண்ணூடுங்களா, மாப்பிள்ளையூடுங்களா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார். மனை வியாபாரத்தோடு கல்யாணத் தரகும் ஆரம்பித்துவிட்டார்கள் என்று கீழ் வீட்டம்மா நினைத்திருக்க வேண்டும். அடுக்கி முடித்ததும் தறிக்காரர் வேண்டுமென்றே மேஜையை ஒரு குத்துக் குத்தினார். காடு அசையவில்லை. டாக்டர் கை தட்டினார்.

எனக்கு என்ன வேஷம் வேண்டும் என்று கேட்டார்கள். மந்திரக்காரி, வில்லுக்காரி என்று என்னென்னவோ இருந்தது. நான் தோப்புக்காரி என்றேன், கையில் அருவாள். புத்தகத்தில் அப்படி ஒன்று இல்லை. ஆனால் இல்லை என்று யார் சொல்வது? மூன்று பேரும் "ஆகட்டுங்க" என்றார்கள்.

காட்டுக்குள் போனோம். இரண்டு பூதங்களை மரியாதையாக வெட்டினோம். புதையல் அறையின் சாவி எங்கேயோ இருக்கிறது, அதைத் தேட வேண்டும் என்பது கதை. அப்போதுதான் என்னவர் துண்டை எடுத்தார்.

கிணறு. உள்ளங்கை அகலத்தில் ஒரு தோட்டத்துக் கிணறு. சுற்றிலும் கல் கட்டு, உள்ளே இறங்கக் கல் படி, பக்கத்தில் ஈர்க்குச்சியில் செய்த இரண்டு தென்னை. எங்கள் தோட்டத்துக் கிணற்றை அவர் ஒரே ஒரு தடவை, மறுவீட்டுக்கு வந்தபோது பார்த்தது. படி எந்தப் பக்கம் என்பதுகூடச் சரியாக இருந்தது.

"உங்களுக்கு முன்னால ஒரு கிணறு இருக்குதுங்க," என்றார் கதைக் குரலில். "எட்டிப் பாத்தா இருட்டா இருக்குதுங்க. என்ன பண்றீங்க?"

டாக்டர் கல்லைப் போட்டுப் பார்க்கலாம் என்றார். தறிக்காரர் கயிறு வேண்டும் என்றார். நான் ஏழு வயதில் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவள். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் கிணற்றைப் பார்த்தால் யோசித்துக்கொண்டு நிற்பதில்லை.

"நான் குதிக்கறேன்," என்றேன்.

என்னவர் நாற்காலி பின்னால் சாய்ந்து விழ எழுந்து நின்றார்.

"ஏ புள்ள! குதிக்காதே! உள்ள தண்ணியே இல்ல, அடியில ராஜநாகம் படுத்திருக்குது, சாவி அதுங்கிட்டத்தான் இருக்குது! உனக்கென்ன கூறு கெட்டுப்போச்சா?"

மூன்று வாரம் துண்டு போட்டு மூடி வைத்த ரகசியம் அத்தனையும் மேஜைமேல் கிடந்தது. தண்ணீர் இல்லை, பாம்பு இருக்கிறது, சாவியும் அங்கேதான். டாக்டர் மெதுவாகச் சொன்னார். "கதை சொல்றவரு அதைச் சொல்லக் கூடாதுங்களே." தறிக்காரர் வருத்தத்தோடு என்னைப் பார்த்தார். "ஆனா தங்கச்சி வார்த்தைய விட்டுட்டாங்க. சொன்னா சொன்னதுதானுங்க."

பகடையை உருட்டினேன். பன்னிரண்டுக்கு மேல் விழ வேண்டும். நாலு விழுந்தது.

என் தோப்புக்காரி அந்த இடத்திலேயே செத்துப்போனாள். நியாயமாக நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். என்னவர் நாற்காலியை நிமிர்த்திப் போட்டுக்கூட உட்காரவில்லை.

"எட்டிப் பாக்கறதுக்கு முன்னாடியே குதிக்கறேங்கறே! கண்ணு தெரியல உனக்கு? இருட்டா இருக்குதுன்னு நாஞ் சொன்னேனா இல்லியா? அவங்க ரெண்டு பேரும் கல்லு, கயிறுன்னு யோசிக்கறாங்க, நீ என்னமோ உங்கப்பன் தோட்டத்துக் கிணறாட்டப் போய் உழுகறே. இப்பப் பாரு, செத்துப்போட்டே. மூணு வாரம் ஒக்காந்து ஆருக்குடி இந்தக் கிணத்தைச் செஞ்சேன்? உனக்குத்தானே செஞ்சேன்? வந்த ஒடனே செத்துப்போட்டா நான் ஆருக்குக் கதை சொல்றது?"

கோபத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. எனக்குக் கண்ணீர் கொட்டியது, சிரிப்பும் வந்தது. தறிக்காரருக்கு என் கண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. பெண்பிள்ளையை நாலு பேர் முன்னால் இப்படிப் பேசுவதா என்று பதறிப்போய், என்னவர் தோளைப் பிடித்து அடக்கப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, விடுங்க, போதுமுங்க. விளையாட்டுக்குப் போயி ஊட்டுல இருக்கறவங்கள இப்படியா பேசறது?"

எட்டு மாதம் காத்திருந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தறிக்காரரைப் பார்த்துத் திரும்பினேன்.

"நீங்க சும்மா இருங்ணா. அவரு பேசட்டும்."